எள்ளு காய்ந்த மூன்று மாதம்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டைத் தட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் "இது சாப்பாடு அல்ல" என்று தடித்த எழுத்தில் என் மனைவி எழுதி ஒட்டியிருக்கிறார். ஒருநாள் விடியற்காலையில் ரவை என்று நினைத்து அவரே அதைத் திறந்துவிட்டதன் விளைவு அது. உள்ளே கோதுமைத் தவிடும், தவிட்டுக்குள் சில நூறு மாவுப்புழுக்களும் இருக்கின்றன. குளிரில் அவை மயங்கிக் கிடக்கும். சாவதும் இல்லை, வளர்வதும் இல்லை. வெளியே வைத்தால் சில கிழமைகளில் கூட்டுப்புழுவாகி, பிறகு கருவண்டாகிவிடும்.

மூடியில் எழுதியிருப்பது பிழை என்று நான் சொல்லிப் பார்த்தேன். சாப்பாடுதான், நமக்கு அல்ல, எள்ளுக்கு. மனைவி அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

எள்ளு ஒரு லெப்பர்ட் கெக்கோ. சிறுத்தைப் பல்லி என்று தமிழில் சொல்லலாம். மஞ்சள் உடம்பில் எள்ளை அள்ளித் தூவியதுபோல் கரும்புள்ளிகள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரு சாண். மகள் பதின்மூன்று வயதில் அடம்பிடித்து வாங்கியபோது அது பத்துக் கிராம்கூட இல்லை. பென்சில் தடிமனில் ஒரு குஞ்சு. அவள்தான் பெயர் வைத்தாள். "எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பான்" என்று நம் ஊரில் சுறுசுறுப்பானவர்களைச் சொல்வார்கள். அந்தப் பழமொழிக்கு இந்தப் பிராணி எள்ளளவும் பொருந்தாது என்பது எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அதன் உணவு, உறக்கம், தோலுரிப்பு எல்லாம் மகளின் பொறுப்பு. நான் மின்சாரக் கட்டணம் கட்டுபவன், அவ்வளவுதான்.

சென்ற செப்டம்பரில் மகள் பல்கலைக்கழகம் போய்விட்டாள். வேறு நகரம், மாணவர் விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லை. போகும்போது இரண்டு பக்கத்துக்கு ஓர் அறிவுறுத்தல் எழுதி வைத்துவிட்டுப் போனாள். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஈரப்பாசி போட்ட பெட்டி ஒன்று. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு புழு, அந்தி சாய்ந்த பிறகு. கடைசி வரியில் "இடுக்கியால் கொடுக்க வேண்டும், அப்பா. அவசரப்படக் கூடாது" என்று இருந்தது.

இடுக்கி என்றால் ஒரு முழம் நீளத்தில், முனையில் ரப்பர் உறை போட்ட ஓர் எஃகு இடுக்கி. அதில் ஒரு புழுவைப் பிடித்து எள்ளின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி மெல்ல ஆட்ட வேண்டும். அது தலையைச் சாய்த்துப் பார்க்கும். ஓர் அடி எடுத்து வைக்கும். வால் நுனி மட்டும் தனியாக ஓர் உயிர்போலத் துடிக்கும். பிறகு, கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து கவ்வும். ஐந்து வருடமாக இப்படித்தான் அது சாப்பிட்டது. உணவு என்பது வானத்திலிருந்து எஃகு நுனியில் நெளிந்துகொண்டு வருவது என்பதே அது அறிந்த உலகம்.

நானும் முதல் சில கிழமைகள் அப்படியே கொடுத்தேன். சிக்கல் ஜனவரியில் இருந்தது. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு நானும் மனைவியும் யாழ்ப்பாணம் போக வேண்டும். நாலு கிழமைப் பயணம். மகளுக்கு அந்த மாதம் வகுப்புகள் தொடங்கிவிடும். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் தனியாக இருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எங்கள் வீட்டுச் சாவி எப்போதும் அவரிடம் ஒன்று இருக்கும். அவரைக் கேட்டேன்.

"புழுவைப் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் கொட்டச் சொன்னால் கொட்டுவேன், தம்பி. இடுக்கியில் பிடித்து ஊட்டுவதெல்லாம் என்னால் முடியாது. எழுபத்தாறு வயதில் எனக்குக் கை நடுங்கும்."

"நடுங்கினால் நல்லது, மாஸ்டர். புழு ஆடினால்தான் அது பார்க்கும்."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்க்கிற தலைமுறை அவர். எங்கள் ஊர் வீட்டுச் சுவரில் மின்குமிழுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிகள் தோளில் விழுந்தால் ஒரு பலன், தலையில் விழுந்தால் ஒரு பலன். அம்மா பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலைக்குத் தண்ணீர் வார்ப்பாள். இத்தனை பெரிய பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன் என்று மாஸ்டர் கேட்டார்.

இது விழாது என்று விளக்கினேன். சுவர்ப் பல்லிக்கு இருப்பதுபோல ஒட்டும் விரல்கள் இதற்குக் கிடையாது, வெறும் நகம்தான். கண்ணாடியில் ஓர் அங்குலம்கூட ஏற முடியாது. அதனால் தொட்டிக்கு மூடியே தேவையில்லை என்று மகள் சொல்வாள், ஆனாலும் மனைவிக்காக மூடியிருக்கிறோம். இன்னொரு வேறுபாடு, இதற்குக் கண்ணிமை உண்டு. சுவர்ப் பல்லி கண்ணை மூடாது, நாக்கால் துடைத்துக்கொள்ளும். இது மனிதரைப்போலக் கண்ணை மூடி உறங்கும், சோம்பலாக இமைக்கும். இதன் அறிவியல் பெயரின் முதற்பாதி 'யூப்ளெபாரிஸ்' அந்த இமையைக் குறித்தே வந்தது. 'மாக்குலேரியஸ்' என்ற மறுபாதி புள்ளியைக் குறிப்பது. 1854இல் எட்வர்ட் பிளைத் என்பவர் பஞ்சாபின் உப்புமலைத் தொடரில் கிடைத்த பல்லியை வைத்து இந்தப் பெயரை எழுதினார். இன்றைக்கு அந்த மலைத்தொடர் பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கேயும் ஆப்கானிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும் கல்லும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் நிலத்தில் பகலெல்லாம் கல்லிடுக்கில் ஒளிந்திருந்து, அந்தி கறுத்ததும் இரை தேடும் சாதி இது. ரொறன்ரோப் பனிக்கு வந்து சேர்ந்த விதத்தில் எங்களைவிடப் பெரிய தூரம் ஒன்றும் வரவில்லை. எள்ளே ஏதோ ஒரு வளர்ப்பவரின் பெட்டியில் முட்டை பொரித்து வந்ததுதான். உப்புமலையை அது கனவிலும் கண்டிருக்காது.

"இது சொல்லுமா?" என்று மாஸ்டர் கேட்டார். பல்லி சொல்வது, அதாவது தட்டுவது.

"குஞ்சாக இருக்கும்போது பயந்தால் கத்தும். வளர்ந்த பிறகு வாயைத் திறப்பதே அபூர்வம்."

"அப்படியானால் பல்லி இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் கிண்ணம் என்றால் சம்மதம்.

ஆகவே செப்டம்பர் கடைசியில் எள்ளைக் கிண்ணத்தில் சாப்பிடப் பழக்குவது என்று தீர்மானித்தேன். மூன்று மாதம் இருக்கிறது. பிள்ளை வளர்த்தவன், ஒரு பல்லியைப் பழக்க மாட்டேனா என்று நினைத்தேன்.

முதலில் சமையலறையிலிருந்து ஒரு மண் சட்டி, சம்பல் வைக்கிற அளவு. பன்னிரண்டு புழுவைப் போட்டுவிட்டு உறங்கப் போய்விட்டேன். காலையில் சட்டி காலி. மகளுக்குத் தொலைபேசியில் வெற்றிச் செய்தி சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சட்டியின் உட்பக்கம் வழுவழுப்பாக இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா?" தொட்டியில் விரித்திருந்த தாளைத் தூக்கிப் பார்த்தேன். பன்னிரண்டில் எட்டுப் புழுக்கள் தாளுக்கு அடியில் வெதுவெதுப்பான கண்ணாடியில் படுத்திருந்தன. மிச்ச நாலு எங்கே என்பது நவம்பரில் தெரிந்தது. இரண்டு கருவண்டுகள் ஈரப்பாசிப் பெட்டியிலிருந்து நடந்து வந்தன. மற்ற இரண்டைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. மனைவிக்கு இதை நான் சொல்லவில்லை; இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

மாவுப்புழுவுக்கு வழுவழுப்பான செங்குத்துச் சுவரில் ஏற முடியாது. கண்ணாடி அல்லது பளபளப்பான பீங்கான் போதும். ஆனால் உயரம் கூடினால் வேறு தொல்லை. அடுத்து நான் வைத்த கண்ணாடிக் கிண்ணம் மூன்று அங்குல ஆழம். புழு ஏறவில்லை, எள்ளு எட்டிப் பார்க்கவும் இல்லை. அதன் கண் தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் இருக்கிறது என்பதை நான் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கிண்ணம் ஒரு மதில். மதிலுக்கு அப்பால் விருந்து நடக்கிறது என்று யார் அதற்குச் சொல்வது?

மூன்றாவது கிண்ணத்தைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஆழம், விளிம்பு உட்பக்கமாக மடிந்தது. புழு ஏறி வந்தாலும் விளிம்பில் முட்டித் திரும்ப விழுந்துவிடும். எள்ளுக்கு முகவாயை விளிம்பில் வைத்துக்கொண்டு உள்ளே பார்க்க வசதி.

பார்த்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அங்கே என் பிழை சுண்ணாம்புத் தூள். மாவுப்புழுவிலும் சில்லூறிலும் (சில்வண்டை ஊரில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். பல்லிக்குத் தேவை அதற்கு நேர் எதிர். அதனால் புழுவின்மேல் கால்சியம் தூளைத் தூவிக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து கால் வளைந்துவிடும். புழுக்கள் தப்பிப் போனதில் குற்ற உணர்வு கொண்டிருந்த நான், கிண்ணத்தில் தூளை அரை அங்குலத்துக்குக் கொட்டிவிட்டேன். புழுக்கள் திருநீற்றுத் தட்டில் விழுந்ததுபோல் வெள்ளையாகி, உள்ளே புதைந்து, அசையாமல் கிடந்தன. எள்ளு அந்த வெண்ணிறத் தட்டை நாலு தடவை நக்கிவிட்டுப் போய்ப் படுத்தது. அன்று அதற்குக் கால்சியம் மட்டும் குறைவில்லாமல் கிடைத்திருக்கும்.

இங்கேதான் எனக்கு விஷயத்தின் நடு முடிச்சு பிடிபட்டது. இது நாக்காலும் மோந்து பார்க்கும், நக்கியும் பார்க்கும். ஆனால் பாய்வதற்கு அதற்கு ஓர் அசைவு வேண்டும். நகராத புழு புழு அல்ல, தரையின் ஒரு பகுதி. மாவுப்புழுவின் சுபாவமோ வெளிச்சத்தைக் கண்டால் ஒன்றன்கீழ் ஒன்று புகுந்து அடங்கிக் கிடப்பது. அசையாதவனைத் தின்னாத ஒருவருக்கும், அசையாமல் இருப்பதில் தேர்ந்த ஒருவருக்கும் நடுவே நான் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். இடுக்கியின் முனையில் இருந்த மகளின் கையைக் கிண்ணத்துக்குள் வைக்க மறந்துவிட்டேன்.

அக்டோபரில் பட்டினி போடுவது என்று முடிவு செய்தேன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. வளர்ந்த, நன்றாகச் சாப்பிட்ட சிறுத்தைப் பல்லி வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும். எள்ளின் வால் என் கட்டைவிரலைவிடத் தடிப்பு. பத்து நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. இடுக்கியை இழுப்பறையில் பூட்டிவிட்டு, கிண்ணத்தை மட்டும் வைத்தேன். எள்ளு ஒவ்வோர் அந்தியிலும் வெளியே வந்து கண்ணாடிக்கு அருகே நின்று என் கையைப் பார்த்தது. கிண்ணத்தைப் பார்க்கவில்லை. நான் கதிரையைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாட்டை ஒத்திப்போட்டு, அது எப்போது குனியும் என்று காத்திருந்தேன். மனைவி அறை வாசலில் நின்று பார்த்தார்.

"எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை எதற்காகக் கூடவே காய்கிறது? வந்து சாப்பிடுங்கள்."

நாற்பது வருடமாக இந்தப் பழமொழியை நான் கேட்டிருக்கிறேன். இத்தனை கச்சிதமாக ஒருபோதும் பொருந்தியதில்லை.

எடை பார்க்க ஒரு தராசு தனியாக வாங்கினேன், சமையலறைத் தராசை எடுத்தால் மணவாழ்க்கை நிலைக்காது என்பதால். அது வெறும் அருவருப்பு அல்ல. பல்லி இனத்தின் குடலில் சால்மொனெல்லா கிருமி நோயில்லாமலே குடியிருக்கும். அதனால் தொட்டியில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. செப்டம்பரில் 71 கிராம். அக்டோபர் நடுவில் 68. மாதக் கடைசியில் 66. பத்தில் ஒரு பங்கு, அதாவது 64க்குக் கீழே போனால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று மகள் கோடு போட்டிருந்தாள்.

66இல் நான் பயந்து இடுக்கியை எடுத்தேன். அப்போதும் சாப்பிடவில்லை. புழுவை ஆட்டினேன்; பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. அந்த இரவு எனக்கு உறக்கம் இல்லை. பழைய நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எப்படி இருந்தேனோ அப்படி இருந்தேன். மகளைக் காணொளியில் அழைத்துத் தொட்டியைக் காட்டினேன்.

"சூடு எவ்வளவு?"

"33. தெர்மோஸ்டாட்டில் தெரிகிறதே."

"அது கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சூடு, அப்பா. மேலே, எள்ளு படுக்கிற இடத்தில்?"

மேலே 26. தப்பிய புழுக்கள் தாளுக்கு அடியில் புகுந்ததால் தாளை எடுத்துவிட்டு நான் ஒரு தடித்த ரப்பர் விரிப்புப் போட்டிருந்தேன், ஒரு புழுவும் அடியில் போக முடியாதபடி. வெப்பத் தகடு கீழே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. சூடு விரிப்பைத் தாண்டி வரவில்லை. குளிர் இரத்தப் பிராணி. வயிற்றுக்குக் கீழே 31, 32 பாகை இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. செரிக்காது என்று தெரிந்தால் உடம்பு பசியையே அணைத்துவிடும். வெளியே ரொறன்ரோவில் இலையெல்லாம் கொட்டி முடிந்திருந்தது, வீட்டில் 20 பாகை. அது பிடிவாதம் பிடிக்கிறது என்று நான் நினைத்திருந்த ஒரு மாதத்தில் பாதி நாள் அது குளிரில் வாடியிருந்திருக்கிறது.

விரிப்பை எடுத்துவிட்டு மெல்லிய பீங்கான் ஓடு பதித்தேன். மூன்றாம் நாள் எள்ளு வெளிறத் தொடங்கியது. உடம்பெல்லாம் பால் கலந்த தண்ணீர்போல ஒரு நிறம், தோலுரிக்கப் போகிறது. அந்த நாட்களிலும் அது சாப்பிடாது. நான் எதுவும் செய்யவில்லை, ஈரப்பாசியில் தண்ணீர் தெளித்ததைத் தவிர. ஒரு காலை பார்க்கும்போது புதுப் பளபளப்போடு உட்கார்ந்து தன் பழைய தோலின் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது. கிண்ணத்தில் வைத்த உணவை ஒரு மாதம் தொடாத பிராணி, தன் சட்டையைக் கழற்றி மிச்சமில்லாமல் தின்கிறது. மாஸ்டர் அன்று வந்திருந்தார். சங்கப் பாடல் ஒன்றில் தினைப்புனத்துக்குள் நுழையப் போன காட்டுப்பன்றி, பக்கத்தில் பல்லி சொன்னதும் மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்கே போய்ப் படுத்துவிடும் என்று சொன்னார்.

"பல்லி பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்தவன் கதை தெரியும், தம்பி. பட்டினி கிடக்கிற பல்லியை இங்கேதான் பார்க்கிறேன்."

நவம்பரில் மீண்டும் தொடங்கினேன், இந்த முறை மகள் சொன்ன கடைசி வரியின்படி. அவசரப்படவில்லை.

கிண்ணத்தை எள்ளின் சூடான குகை வாசலுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன். பிறகு அந்த இடத்தை ஒருபோதும் மாற்றவில்லை. இடுக்கியில் புழுவைப் பிடித்துக் கிண்ணத்துக்கு மேலே, விளிம்பு உயரத்தில் ஆட்டினேன். அங்கே வந்து கவ்வியது. நாலு தடவை அப்படி. அடுத்த முறை விளிம்புக்குக் கீழே, இடுக்கி கிண்ணத்தின் அடியைத் தொடும்படி. எள்ளு முன்னங்கால் ஒன்றைக் கிண்ணத்துக்குள் வைத்து எட்டிக் கவ்வியது. அதற்கடுத்த முறை, அது பாய்வதற்கு அரைக் கணம் முன்னால் புழுவை விட்டுவிட்டேன். புழு கிண்ணத்தில் விழுந்தது. எள்ளு இடுக்கியைக் கவ்வியது. ரப்பர் உறை இல்லாவிட்டால் பல் உடைந்திருக்கும். என்னை அது பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் முந்தி விட்டேன். புழு விழுந்து புரண்டது, எள்ளு அதன் மேலே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. வால் நுனி துடித்தது. கவ்வியது. கிண்ணத்தில் சாப்பிட்ட முதல் புழு அதுதான்; ஆனாலும் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, என் கை பக்கத்தில் இருந்ததால். மாஸ்டர் கை அங்கே இருக்காதே.

அசைவு என்ற பிரச்சினைக்கு ஒரு வழி கிடைத்தது. சூப்பர்வோர்ம் என்று ஒன்று விற்கிறார்கள். மாவுப்புழுவுக்கு உறவான பெரிய புழு, வேறு சாதி. அதை அடைத்து வைத்தால் அது அடங்காது; கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் செத்துவிடும், கூட்டமாக இருக்கும்வரை கூட்டுப்புழுவாகாது, தனியாகப் பிரித்து வைத்தால்தான் ஆகும் என்று விசித்திரமான பிறவி. கொழுப்புக் கூடுதல் என்பதால் அதையே உணவாகக் கொடுக்கக் கூடாது. ஐந்து மாவுப்புழுவுக்கு நடுவே சிறிய சூப்பர்வோர்ம் ஒன்றை மட்டும் போட்டேன். அது ஓடும்போது மற்றவற்றை மிதித்துப் புரட்டும். அடங்கிக் கிடந்த கூட்டமே கலையும். திருவிழாவில் தவில்காரர் வந்ததும் சனம் எழும்பி நிற்பதுபோல. மாவுப்புழுக்களையும் ஒரு நாள் முன்னதாகவே குளிரிலிருந்து எடுத்து, காரட் துண்டு போட்டு வெளியே வைத்தேன். உறக்கம் கலைந்து, வயிறு நிறைந்து, நன்றாக நெளிந்தன. கால்சியம் ஒரு சிட்டிகை, அதுவும் வேறொரு பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்து. மிச்சத் தூளை ஒரு போத்தல் மூடியில் தனியாக வைத்தேன், நக்குகிறபோது நக்கட்டும்.

நவம்பர் மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இரவு ஆறு போட்டிருந்தேன். கிண்ணத்தில் இரண்டு.

நான் மண் சட்டிக்காலத்து ஏமாளி அல்ல. ஓட்டைத் தூக்கினேன், குகைகளைத் தூக்கினேன், பாசியைப் பிரித்தேன். நாலு புழுவையும் எங்கும் காணவில்லை. எள்ளு வழக்கமாக ஒதுங்கும் அதே மூலையில் (இந்த விஷயத்தில் இதற்கு இருக்கிற ஒழுங்கு பல மனிதருக்கு இல்லை) புதிதாக ஒன்று கிடந்தது. தராசில் 67. அடுத்த இரவு கைத்தொலைபேசியைத் தொட்டிக்கு எதிரே சாய்த்து வைத்து, பதிவு செய்யவிட்டேன். இரண்டு மணி நேரப் பதிவில் ஒன்றரை மணி நேரம் ஓர் இருண்ட கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குகை வாசலில் ஒரு முகம். மூன்று அடி எடுத்து வைத்து, நின்றது. முகவாய் விளிம்பில். வால் நுனி துடித்தது. பாய்ந்தது, தவறியது, கிண்ணத்தின் விளிம்பைக் கடித்தது. தலையைப் பின்னுக்கு இழுத்து, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல உதட்டை நக்கிக்கொண்டது. மறுபடி பாய்ந்தது.

அந்தத் தவறுதலைப் பார்த்து மகள் கொஞ்சம் பதறினாள். நிறத்துக்காக மனிதர் பெருக்கிய சில வகைகளில் இப்படி ஒரு கேடு உண்டு. எனிக்மா என்ற வகைப் பல்லிகள் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமிடும், இரைக்குப் பாய்ந்தால் குறி தப்பும், நரம்புக் கோளாறு. லெமன் ஃப்ராஸ்ட் என்ற அழகான எலுமிச்சை நிறத்துக்கும் தோல் கட்டிக்கும் காரணம் ஒரே மரபணுதான் என்று 2021இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எள்ளு அந்த மாதிரி அலங்காரச் சாதி எதுவும் இல்லை. அதற்குக் கிண்ணத்தில் குறிபார்க்கப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஒரு கிழமையில் சரியாகிவிட்டது.

அந்தப் பதிவை மகளுக்கு அனுப்பினேன். சிரிக்கும் முகங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். நீண்ட நேரம் கழித்து ஒரு வரி வந்தது: "அப்படியானால் இனி அதற்கு ஆள் தேவையில்லை."

நான் உடனே பதில் எழுதவில்லை. எனக்கு ஒன்பது வயதுவரை அம்மா குழையல் சோறு உருட்டித் தந்தாள். கோப்பையில் போட்டுத் தந்தால் நான் தின்னமாட்டேன், அதே சோறு, அதே குழம்பு. தம்பி பிறந்த பிறகு ஒருநாள் நானே அள்ளித் தின்றேனாம். அயலெல்லாம் சொல்லிச் சிரித்த அம்மா அன்றைக்கு அடுப்படிக்குள் போய் ஏன் அழுதாள் என்று பெரியம்மா என்னைக் கேட்பாள், எனக்கென்ன தெரியும்? மகளுக்கு, "விடுமுறைக்கு வரும்போது நீ இடுக்கியால் கொடு, மறந்திருக்காது" என்று எழுதினேன்.

டிசம்பரில் அவள் வந்தாள், கொடுத்தாள், மறந்திருக்கவில்லை. கிண்ணத்திலும் சாப்பிட்டது. 69 கிராம். ஜனவரி முதல் கிழமை மாஸ்டரிடம் பெட்டியையும் கிண்ணத்தையும் ஒப்படைத்தோம். ஒன்றுவிட்டு ஒருநாள், ஆறு புழு, மாலை ஏழு மணி. மறுநாள் காலை மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். மாஸ்டர் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் கட்டம் போட்டார்: தேதி, போட்டது, மிஞ்சியது, வேறு விசேடம்.

திவசம் முடிந்து பிப்ரவரி முதல் கிழமை திரும்பி வந்தோம். அன்று பின்னேரமே மாஸ்டர் சாவியும் கொப்பியுமாக வந்துவிட்டார். எள்ளைத் தராசில் வைத்தேன். 75. வால் கொழுத்து, நடை தளர்ந்து, ஊருக்குப் போய் வந்தது நாங்களா அதுவா என்று கேட்கத் தோன்றியது. கொப்பியைப் புரட்டினேன். முதல் இரண்டு கிழமை மாஸ்டரின் மணிமணியான எழுத்தில்: போட்டது 6, மிஞ்சியது 1. போட்டது 6, மிஞ்சியது 2. போட்டது 6, மிஞ்சியது 1. பிறகு திடீரென்று மிஞ்சியது என்ற கட்டத்தில் வரிசையாகப் பூச்சியம். தேதியும் ஒன்றுவிட்டு ஒன்றாக இல்லை, நாள்தோறும் இருந்தது.

"மாஸ்டர், ஒன்றுகூட மிஞ்சவில்லையே?"

அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கிண்ணத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அது தின்றதோ இல்லையோ என்று நித்திரை வருகிறதில்லை, தம்பி. அதுவும் இந்தப் பனியில்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "கை நடுக்கம் அதற்குப் பிடித்திருக்கிறது."

அன்று இரவு ஏழு மணிக்கு, ஐந்து மாவுப்புழு, ஒரு சிறிய சூப்பர்வோர்ம், ஒரு சிட்டிகைத் தூள். கிண்ணம் அதன் இடத்தில். எள்ளு குகையிலிருந்து வெளியே வந்தது. கிண்ணத்தின்மேல் ஒரு காலை வைத்து, அதை ஒரு படியாக மிதித்துத் தாண்டி, கண்ணாடிக்கு அருகே வந்து நின்று என் கையைப் பார்த்தது. நான் இழுப்பறையைத் திறந்தேன். இடுக்கி இல்லை. மாஸ்டர் சாவியைத் தந்தார், கொப்பியைத் தந்தார். அதை மட்டும் தரவில்லை.